கஜாவில் சாய்ந்த தோப்பிலிருந்து ஒரு மடல்

ஒன்றிய சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்ற அமைச்சகத்தில் தகவமைப்புத் திட்டம் வகுப்போருக்கு,

வணக்கம். பேராவூரணிப் பக்கம் தென்னை வைத்திருப்பவன், மாறும் காலநிலைக்கு ஏற்ப எங்களைத் தயார்படுத்த நீங்கள் வகுக்கும் தகவமைப்புத் திட்டத்தைப் பற்றி எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. பொழுது விடிந்து போய்ப் பார்த்தால் தோப்புக்குள் நுழையவே வழியில்லை. அப்பா வைத்த நெட்டை மரங்கள், பாதி வேரோடு சாய்ந்தும் பாதி கழுத்து திருகி முறிந்தும் கிடந்தன. குரும்பையும் பாளையும் சேற்றில் மிதந்தன. அம்மா ஒரு மட்டையை ஒதுக்கிவிட்டு, விழுந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

நிவாரணம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது விழுந்த மரத்துக்கு. எங்களைச் சாய்த்தது அதற்கப்புறம் வந்த வருஷங்கள். நெட்டைக் கன்று வைத்தால் காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். அதுவரை வீட்டில் உலை எதை வைத்துக் கொதிக்கும்? ஊடுபயிராக உளுந்து போட்டோம், கடன் வாங்கினோம், தம்பி திருப்பூருக்குப் போனான்.

தென்னைக்குக் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். தென்னை வளர்ச்சி வாரியத்தின் திட்டத்தில் 16 வயது தாண்டிய மரத்துக்குக் காப்புத்தொகை 1,750 ரூபாய். நல்ல மரம் ஒன்று வருஷத்துக்கு நூறு காய் தரும். ஆறு வருஷக் காய்க்கு இது எந்த மூலைக்கு?

2008-இல் காலநிலை மாற்றத்துக்கான தேசியச் செயல்திட்டம் 8 இயக்கங்களோடு வந்தது. 2015-இல் தகவமைப்புக்கென்றே நிதி தொடங்கி, நபார்டு வங்கியிடம் ஒப்படைத்தீர்கள். அதைத் தனித் திட்டமாகத் தொடராமல் 2022-இல் விட்டது எனக்கு ஆறவேயில்லை. கடலோர அலையாத்திக் காடுகளை வளர்க்க 2023-இல் மிஷ்டி திட்டம் கொண்டுவந்தது நல்ல காரியம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் கஜா விட்டுவைக்கவில்லை.

நான் கேட்பது, மரம் விழுந்த நாளுக்கும் அடுத்த காய் வெட்டுக்கும் நடுவில் உள்ள வருஷங்களுக்குத் திட்டத்தில் இடமும் பணமும். வருஷாவருஷம் கிடைக்கும் உதவித்தொகை, அந்தக் காலத்துக்குக் கடன் தவணை நிறுத்தம், குட்டைக் கன்றும் சவுக்கு வேலியும் புயலுக்கு முன்பே கைக்கு வருவது.

திட்டத்தின் வரைவைத் தமிழில் அனுப்புங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் நாங்களே படித்துத் திருத்தம் சொல்கிறோம். நவம்பர் பிறந்துவிட்டால் எங்களுக்கு வானத்தைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
பேராவூரணிப் பக்கத்துத் தென்னை விவசாயி