மாத்திரையை நீயாக நிறுத்தாதே

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கம்பஸ் கிடைத்த செய்தியை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே எல்லாரும் சுகம். நிலாவெளியில் சீசன் தொடங்கிவிட்டது, வான்காரருக்கு நல்ல ஓட்டம்.

கடைசியில் நீ எழுதிய விஷயம்தான் மனதை விட்டுப் போகவில்லை. கொழும்புக்கு லொறி கொண்டுபோகும் நாட்களில் பிரஷர் மாத்திரை போடுவதில்லை என்கிறாய். போட்டால் அடிக்கடி ஒன்றுக்கு வருகிறது, ஹபரணைக் காட்டு ரோட்டில் யானை நிற்கிற இரவில் எங்கே இறங்குவது என்று கேட்கிறாய். நியாயமான கேள்வி. ஆனால் அதைக் கிளினிக் டொக்டரிடம் கேள். சிறுநீரைக் கூட்டாத பிரஷர் மாத்திரைகளும் இருக்கின்றன, போடும் நேரத்தையும் மாற்றித் தரலாம். இரவில் லொறி ஓட்டுகிறவன் என்று நீ சொன்னால்தானே அவருக்குத் தெரியும்? தலையிடி, தலைச்சுற்று ஒன்றுமே இல்லாமல் பிரஷர் 170இல் நிற்கும் மச்சான். நம் ஸ்டாண்டில் பாரிசவாதம் வந்து விழுந்த அண்ணன் அன்று காலைவரை ஓடித் திரிந்தவர்.

கனரக லைசென்ஸுக்கு 4 வருடத்துக்கு ஒருமுறை மெடிக்கல் எடுக்கிறோம். அதற்கு ஒரு கிழமை முன்னால் மட்டும் மாத்திரை போடுகிற ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். அந்த ஒரு நாள் சரியாகக் காட்டி என்ன பயன்? மற்ற நாளெல்லாம் ஸ்டியரிங்கில் இருப்பது அதே ஆள்தானே.

வயிறு வைத்ததற்குக் கொத்தையும் சீனி கூடிய பிளேன்டீயையும் திட்டியிருக்கிறாய். சரிதான், கருவாட்டு உப்பையும் சேர்த்துக்கொள். ஆனால் சீட்டையும் யோசி. லண்டனில் ஜெரமி மொரிஸ் என்ற டொக்டர் பஸ்காரரை ஆராய்ந்து 1953இல் எழுதினார்: நாள் முழுக்க இருந்து ஓட்டிய டிரைவர்களை விட, மாடி பஸ்ஸில் படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு. பிறகு யூனிஃபோம் அளவுகளைப் பார்த்தபோது டிரைவர்களின் இடுப்பு முதலிலிருந்தே பெரிதாக இருந்ததாம், அதனால் எல்லாப் பழியையும் சீட்டில் போட முடியாது. இருந்தாலும் நாம் இருவரும் ஒரே பஸ்ஸில் ஓடியவர்கள். நெரிசலுக்குள் டிக்கெட் கிழித்துக்கொண்டு நான் நடந்தபடி, நீ அசையாமல். இதை வாசித்ததும் உன்னைத்தான் நினைத்தேன்.

கந்தளாயில் டீக்கு நிறுத்தும்போது குளக்கட்டில் கொஞ்சம் நட. ஒரு கிலோ குறைந்தால் பிரஷரும் ஏறத்தாழ ஒரு புள்ளி குறையும் என்கிறார்கள், ஐந்து கிலோ குறைத்துப் பார். நம் ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.

அப்புறம், நீ பெரிதாகக் குறட்டை விடுகிறாயா, இடையில் மூச்சு நிற்கிறதா என்று தங்கச்சியிடம் கேட்டு எழுது. அப்படியானால் அதையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும். பிரஷரையும் ஏற்றும், ஓட்டும்போது கண்ணையும் சொருக வைக்கும்.

கிளினிக் நாளைச் சொல், நானும் கூட வருகிறேன். அதுவரை மாத்திரையை விடாதே.

அன்புடன்,
உன் பழைய கண்டக்டர்
திருகோணமலை