கூரை போன பிள்ளையாருக்கும் தார்ப்பாய் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

வணக்கம். உங்களில் பாதிப் பேரின் பெயர் எனக்குத் தெரியாது. மீதிப் பேரின் பெயரை அவர்களிடம் கேட்காமல் பொதுவில் எழுத மனம் வரவில்லை. அதனால் செய்த காரியத்தை மட்டும் சொல்கிறேன். படிக்கும்போது, "அட, இது நாமதானே" என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கஜா புயல் அடித்து ஏழு வருஷம் கழித்து நன்றி சொல்ல வந்திருக்கிறேனே என்று நினைக்கலாம். காரணம் இருக்கிறது. 2019 ஆடியில் வைத்த தென்னங்கன்றுகளில் போன தை மாதம்தான் முதல் பாளை வெடித்தது. காய் பிடிக்காமல் உங்களுக்கு எழுதுவதில்லை என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். "வெறுங்கையோட நன்றி சொல்றதாடா?" என்பார். இப்போது கையில் காய் இருக்கிறது.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பட்டுக்கோட்டை பக்கம், கல்லணைக் கால்வாயின் கடைமடை. தண்ணீர் வரும் வருஷம் நெல், வராத வருஷம் வானம் பார்க்க வேண்டியதுதான். அதனால்தான் எங்கள் பகுதியில் வயலையெல்லாம் தென்னந்தோப்பாக மாற்றினார்கள். எங்களுக்கு இரண்டரை ஏக்கர், 170 மரம். 2018 நவம்பர் 16, ஐப்பசி கடைசி நாள். நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய கஜா புயல், விடிவதற்குள் எங்கள் தோப்புக்குள் புகுந்து வெளியேறிவிட்டது. காலையில் நின்றவை 14 மரங்கள். அதிலும் மூன்றுக்குக் கொண்டை இல்லை.

அந்த ராத்திரியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். முதலில் காற்று வடக்கேயிருந்து அடித்தது. சித்தப்பா வீட்டுக் கான்கிரீட் அறையில் பதினோரு பேர் இருந்தோம். திடீரென்று எல்லாம் அடங்கிவிட்டது. இலை அசையவில்லை. அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு தோப்பைப் பார்க்கக் கிளம்பினார். அப்பாயி அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தது. "எங்கடா போற? தெக்கத்திக் காத்து பாக்கி இருக்கு." அப்பாயி 1952 புயலைப் பார்த்தது. அப்போது அதற்குப் பதினாறு வயது. சொன்னபடியே அரை மணி நேரத்தில் தெற்கேயிருந்து திருப்பி அடித்தது. முதல் காற்றில் ஆட்டம் கண்டிருந்த மரங்கள் இரண்டாவது காற்றில்தான் வேரோடு சாய்ந்தன. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. அப்பா அப்போது தோப்பில் இருந்திருந்தால் இந்தக் கடிதமே வேறு மாதிரி இருந்திருக்கும். ஆகவே முதல் நன்றி அப்பாயிக்கு. 2021-இல் போய்ச் சேர்ந்துவிட்டது, என்றாலும் சொல்கிறேன்.

மறுநாள் என் மகள் ஒரு கேள்வி கேட்டாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது. 'கஜா' என்றால் யானை, இலங்கை வைத்த பெயர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "யானைன்னா பிள்ளையார்தானே? அவரா வந்து நம்ம மரத்தையெல்லாம் தள்ளினாரு?"

எனக்கும் கிட்டத்தட்ட அதே கேள்விதான். வருஷா வருஷம் முதல் குலையை எங்கள் தெரு முக்குப் பிள்ளையாருக்குத்தான் போடுவோம். தாத்தா காலத்து வழக்கம். இவ்வளவு காய் வாங்கியவர் ஒரு பத்து மரத்தையாவது கூடுதலாகக் காப்பாற்றியிருக்கக் கூடாதா? நான் வாயைத் திறக்கவில்லை. அப்பாயிதான் பதில் சொன்னது: "அவரு கூரையே பறந்து போச்சுடி. அவரும் நம்மளாட்டம்தான் நனைஞ்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. போய்ப் பாரு."

போய்ப் பார்த்தோம். தகரக் கூரை நாலு வீடு தள்ளிக் கிடந்தது. பிள்ளையார் நனைந்துகொண்டுதான் இருந்தார்.

இனி உங்களிடம் வருகிறேன்.

மூன்றாம் நாள் மினி லாரியில் மதுரையிலிருந்து வந்த தம்பிகளே, உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? வீட்டுக்கு ஒரு தார்ப்பாய் என்று நோட்டில் பெயர் எழுதிக் கொடுத்துக்கொண்டு வந்தீர்கள். அப்பாயி வரிசையில் இரண்டாவது முறை வந்து நின்றது. "பாட்டி, உங்களுக்குத்தான் கொடுத்தாச்சே" என்றீர்கள். "இது எனக்கில்ல, பிள்ளையாருக்கு." எனக்குக் கோபம் வந்துவிட்டது. மனுஷனுக்கே பற்றாத நேரத்தில் சாமிக்கு எதற்குத் தார்ப்பாய் என்று கத்தினேன். உங்களில் கண்ணாடி போட்ட தம்பி சிரிக்காமல் நோட்டைப் புரட்டி எழுதினார்: "குடும்பத் தலைவர்: பிள்ளையார். நபர்கள்: 1." பக்கத்தில் நின்ற இன்னொரு தம்பி எட்டிப் பார்த்து, "எலியைச் சேர்த்து 2 போடுடா" என்றார். இரண்டாக்கினீர்கள். புயலுக்குப் பிறகு எங்கள் தெரு சிரித்தது அன்றைக்குத்தான்.

கத்தியவனைத்தானே கட்டச் சொல்வார்கள். தார்ப்பாயை என் தோளில் போட்டு அனுப்பிவிட்டார்கள். நாலு கம்பு நட்டு, கயிறு இழுத்துக் கட்டிவிட்டுக் குனிந்தால், அவர் தொந்தியில் வேப்பிலை ஒட்டிக் காய்ந்து கிடந்தது. ஒவ்வொன்றாக எடுத்தேன். தும்பிக்கை மடிப்பில் சேறு. துண்டை நனைத்துத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அழுகை வந்தது. மூன்று நாளாக வராத அழுகை. எதையும் வேண்டிக்கொள்ளவில்லை, திட்டவும் இல்லை. காப்பாற்றாத சாமி என்று மூன்று நாளாகச் சுமந்த கோபம், இவரும் நம் தெருவில்தானே கிடக்கிறார் என்று பார்த்ததும் எங்கேயோ கழன்று போனது. அன்று ராத்திரிதான் தூங்கினேன். நீங்கள் கொடுத்த தார்ப்பாய் எத்தனை அடி என்பது மறந்துவிட்டது. இந்தத் தூக்கம் மறக்கவில்லை.

அதிராம்பட்டினம் பக்கத்திலிருந்து ஜெனரேட்டரை டிராக்டரில் ஏற்றிவந்த பாய்மார்களுக்கு. மின்சாரம் இல்லாமல் மேல்நிலைத் தொட்டி காலியாகக் கிடந்தது. உங்கள் ஊரிலும் வீடு விழுந்திருந்தது, உங்களுக்கும் கரண்ட் இல்லை. ஆனாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து மோட்டாரை ஓட்டித் தொட்டியை நிரப்பிவிட்டுப் போனீர்கள். டீசலுக்காவது காசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றதற்கு, "தண்ணிக்குக் காசு வாங்கினா அல்லாஹ்வுக்கு என்ன பதில் சொல்றது?" என்று கேட்டார் உங்களில் பெரியவர். அதே வாரம் ஒரு செல்போன் சார்ஜ் போட இருபது ரூபாய் வாங்கிய புண்ணியவான்களும் எங்கள் பக்கத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு நன்றி கிடையாது.

'எல்லாம் அவன் செயல்' என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. அரிசி கொண்டுவந்தார்கள், அதற்கு நன்றி. ஆனால் விழுந்த மரத்துக்குப் பக்கத்தில் நிற்பவனிடம் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருக்கலாம். தானாகத் தெரியும்போது தெரிந்துகொள்கிறோம்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 170 மரமும் அவர் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தவை. ஒரு மரத்துக்கு வருஷம் நூறு காய் என்று கணக்குப் போடுகிறவர். அரசு நிவாரணம் ஒரு மரத்துக்கு 600 ரூபாய், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய் என்று அறிவித்தபோது, "பிள்ளைய எடுத்துப் போடத் தனிக் கூலி கொடுக்கிறாங்க" என்று மட்டும் சொன்னார். அப்புறம் பேச்சு நின்றுவிட்டது. திருநீறு பூசுவதும் நின்றுவிட்டது. எங்கள் பக்கம் தென்னை போன துக்கத்தில் உயிரை விட்டவர்கள் இருந்தார்கள். அதனால் அவரைத் தோப்புக்குத் தனியாக அனுப்பப் பயந்தோம். கயிறு இருக்கும் இடத்தையெல்லாம் அம்மா மாற்றி வைத்தது.

நிவாரணமாக வந்த மெழுகுவர்த்திப் பெட்டி ஒன்றின் மேல் ஸ்கெட்ச் பேனாவில் ஒரு செல் நம்பரும், "பேச வேண்டும் போல இருந்தால் கூப்பிடுங்கள்" என்று ஒரு வரியும் இருந்தது. அப்பா அதை எப்போது பார்த்தார், எப்போது குறித்துக்கொண்டார் என்று தெரியாது. ஒருநாள் ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். நாற்பது நிமிஷம். இருபது ரூபாய் கொடுத்துப் போட்ட சார்ஜ் முழுவதும் தீரும்வரை பேசினார். அதற்குப் பிறகு வாரம் ஒரு தடவை.

பாளையங்கோட்டையில் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஐயா, அது நீங்கள். நீங்கள் கிறிஸ்தவர் என்பதே ஐந்தாறு தடவை பேசிய பிறகுதான் அப்பாவுக்குத் தெரியும். "சாமி ஏன் இப்படிப் பண்ணினாரு சார்?" என்று அப்பா கேட்டதற்கு, "எனக்கும் தெரியல ஐயா. என் மனைவி போனப்ப நானும் கேட்டேன், இன்னும் பதில் வரல. கேக்கறதை மட்டும் நிறுத்தல" என்றீர்களாம். உங்களுக்காக ஜெபம் பண்ணட்டுமா என்று அனுமதி கேட்டீர்களாம். அப்பா "சரி" என்றாராம். எங்கள் வீட்டில் உங்களை 'போன் வாத்தியார்' என்றுதான் சொல்கிறோம். ஐயா, அம்மா கயிறுகளை மறுபடி பழைய இடத்திலேயே வைத்துவிட்டது என்பதை மட்டும் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

மின்வாரியத் தோழர்களுக்கு. லட்சத்துக்கு மேல் கம்பம் சாய்ந்தது என்றார்கள். எங்கள் ஊரில் மட்டும் நிமிர்ந்து நின்ற கம்பத்தை விரல் விட்டு எண்ணலாம். மற்ற மாவட்டங்களிலிருந்தும் கேரளாவிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். எங்களுக்கு வந்த குழு மேற்கு மாவட்டத்து ஆட்கள், பேச்சில் கொங்கு வாடை. பள்ளிக்கூட வராந்தாவில் படுத்துக்கொண்டு, தொடை அளவு சேற்றில் இறங்கி, பன்னிரண்டு பேர் ஒரு கம்பத்தைத் தோளில் தூக்கி வயலுக்குள் நடந்ததை நான் பார்த்தேன். உங்களில் ஒருவர் கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டவர். தகரமும் ஆணியும் கிடக்கும் சேற்றில் செருப்பில்லாமல் நடந்தார். கம்பத்தில் ஏறும் முன் சரணம் சொல்வார், இறங்கியதும் பீடி இல்லாத தவிப்பில் வெல்லம் கேட்பார். "சாமி, செருப்புப் போட்டுக்குங்க, ஐயப்பன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்று அப்பாயி சொன்னதற்கு, "நீங்க வெறுங்காலோட நிக்கறீங்களே பாட்டி" என்றார்.

திருக்கார்த்திகை அந்த வருஷம் நவம்பர் 23, புயல் அடித்து ஏழாம் நாள். ஊரே இருட்டு. நல்லெண்ணெய் கிடைக்கவில்லை, தேங்காய் எண்ணெய் இருந்தது. இப்போது விழுந்து கிடக்கும் மரங்களின் காயில் முன்பே ஆட்டி வைத்த பழைய எண்ணெய். அப்பாயி வாசலில் ஏற்றாமல் தோப்புக்கு விளக்கை எடுத்துப் போனது. சாய்ந்து கிடந்த அடிமரங்களின் மேல் வரிசையாக அகல் வைத்தது. எண்ணெய் பதினேழு விளக்குக்குத்தான் வந்தது. மாலை போட்ட அந்தச் சாமியும் வந்து, காற்றில் அணைந்தவற்றைத் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தார். அப்பா தூரத்தில் நின்று பார்த்தார். கிட்டே வரவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகவும் இல்லை.

இருபத்து மூன்றாம் நாள் எங்கள் தெருவில் பல்பு எரிந்தது.

மரங்களைச் செங்கல் சூளைக்காரர்கள் சொற்ப விலைக்கு எடுத்துக்கொண்டார்கள். மட்கவிட்டால் காண்டாமிருக வண்டு பெருகிவிடும் என்று பொக்லைனை விட்டுச் சுத்தம் செய்தோம். வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்கு அலைந்து கன்று வாங்கினோம். ஆடிப் பெருக்கு அன்று முதல் குழியில் அப்பாயி கன்றை இறக்கியது. அப்பா மண் தள்ளினார். கை கால் கழுவிவிட்டு வரும்போது அவர் நெற்றியில் திருநீறு இருந்தது. எட்டு மாதம் கழித்து. நான் எதுவும் கேட்கவில்லை, அம்மா கேட்க வந்ததையும் கண்ணைக் காட்டி நிறுத்திவிட்டேன். அப்பாயி வைத்த கன்றை மூன்றாம் வருஷம் வண்டு குடைந்துவிட்டது. அதே குழியில் வேறு கன்று வைத்திருக்கிறோம். அது இன்னும் பாளை விடவில்லை.

இந்த வருஷம் விநாயகர் சதுர்த்திக்கு முதல் குலை இளநீரை இறக்கி எங்கள் பிள்ளையார் முன்னால் வைத்தோம். அவருக்கு இப்போது ஓட்டுக் கூரை. மகளுக்குப் பன்னிரண்டு வயது. "நபர்கள் 2, ஆளுக்கு ஒண்ணு" என்று எலிக்கும் சேர்த்து எண்ணி வைத்தாள்.

பட்டுக்கோட்டை பக்கம் வந்தால் யாரும் வெளியே சாப்பிட வேண்டாம். இளநீர் இருக்கிறது, சோறும் போடுவோம். போன் வாத்தியார் ஐயாவுக்கு ஒரு மூட்டைத் தேங்காய் பார்சல் சர்வீஸில் போட்டிருக்கிறோம். மட்டை உரிக்காமல் அனுப்பியிருக்கிறோம், அப்படியே வையுங்கள், கெடாது.

மாலை போட்டிருந்த சாமிக்கு ஒரு தகவல். உங்கள் கட்டிங் பிளேயரை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். சிவப்புக் கைப்பிடி, ஒரு பக்கம் உறை கிழிந்தது. அப்பாயி அதைச் சாமி அலமாரியில் வைத்து, ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பொட்டு வைத்துக்கொண்டிருந்தது. இப்போது அம்மா வைக்கிறது. துரு ஏறவில்லை, எண்ணெய் போட்டு வைத்திருக்கிறோம். வந்து வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
பட்டுக்கோட்டை பக்கத்துத் தோப்புக்காரன்