முன்பள்ளி நிர்வாக சபை: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சபை உறுப்பினர்களே, ஆசிரியர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கூட்ட அறிக்கைகள் குறிப்பேட்டில் உள்ளன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இம்முறை புதிய பெற்றோர் பலர் வந்திருப்பதால், பள்ளி வளர்ந்த வழியைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எமது சனசமூக நிலைய வாசிகசாலையின் விறாந்தையில்தான் இப்பள்ளி தொடங்கியது. மின்சாரம் இல்லாத, போர்க்காலப் பொருளாதாரத் தடைக் காலம். பிள்ளைகள் சாதனங்களைக் கையாண்டு தாமே கற்கும் மொண்டிசோரி முறையில் கொழும்பில் பயிற்சி முடித்து வந்த ஆசிரியை ஒருவர் பொறுப்பேற்றார். சாதனங்கள் வாங்க வழியில்லை. ஊர்த் தச்சர் ஒருவர் வேப்பம் பலகையில் 1 சென்ரிமீற்றர் தொடக்கம் 10 சென்ரிமீற்றர் வரை 10 கனக்கட்டைகளை அறுத்துக் கொடுத்தார். இவற்றைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குவதே ரோசாக் கோபுரம். ரோசா நிறப் பெயின்ற் கிடைக்காததால் எங்கள் கோபுரம் நெடுங்காலம் வேம்பு நிறத்திலேயே நின்றது.

பிள்ளைகள் விரலால் தடவிப் பழகும் எழுத்து அட்டைகளுக்கு மணலை அரித்துப் பசையில் ஒட்டினார்கள். தமிழுக்கு 247 அட்டை செய்வதா என்று சபையில் பெரிய வாதம் நடந்ததாம். உயிரும் அகர வரிசையும் ஆய்தமும் போதும், கால், கொம்பு, விசிறி ஆகிய உயிர்மெய்க் குறிகளைத் தனி அட்டையாகச் செய்து பக்கத்தில் வைக்கலாம் என்று ஆசிரியை முடித்துவைத்தார். இன்றும் அதே முறைதான்.

பிள்ளைகள் கைப்பயிற்சிக்காக அரிசியை அள்ளி ஊற்றுவதைக் கண்டு, “அரிசி அள்ளி ஊத்தி விளையாடவோ பள்ளிக்கூடம்?” என்று கேட்ட பெரியவர்களும் இருந்தார்கள். விஜயதசமியில் ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில்தானே எழுதுவிக்கிறோம் என்று ஆசிரியை கேட்டபின் அந்தப் பேச்சு குறைந்தது. இம்முறையை உருவாக்கிய மரியா மொண்டிசோரி 1907இல் உரோமில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் முதற் பள்ளியைத் திறந்தவர். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தவர், போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவில் தங்க நேர்ந்தது. ஊர் திரும்ப முடியாத நிலை எங்களுக்கும் தெரியாததல்ல.

1995 ஒக்ரோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வில் எல்லோரும் தென்மராட்சிக்குப் போனோம். மறுவருடம் திரும்பியபோது கட்டடத்துக்குக் கதவு, யன்னல் இல்லை. கோபுரக் கட்டைகளில் பெரியவை சில மட்டும் கிடந்தன. 2002இல், போரால் மூடப்பட்டிருந்த ஏ9 யாழ்ப்பாணப் பாதை திறந்தபின் கொழும்பிலிருந்து சாதனங்கள் வந்தன. புலம்பெயர்ந்த உறவுகளின் உதவியால் சொந்தக் கட்டடமும் எழுந்தது. 2020இல் கொரோனாவுக்காக மூடினோம். 2022இல் எரிபொருள் வரிசைகளுக்கு நடுவிலும் ஆசிரியர்கள் சைக்கிளில் வந்து பள்ளியை நடத்தியதைச் சபை நன்றியுடன் பதிவுசெய்கிறது.

இவ்வருடம் அதிகம் பேசப்பட்டது வீட்டுவேலை. கொப்பி நிறைய எழுத்து வேண்டும் என்று பெற்றோர் சிலர் கேட்டனர். சபை உடன்படவில்லை. மொண்டிசோரி வகுப்பு 3 முதல் 6 வயது வரை ஒன்றாக இருக்கவேண்டியது. இங்கு 5 வயது நிரம்பியதும் முதலாம் தரத்துக்குப் போய்விடுவதால், மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குக் காட்டிக்கொடுக்கும் மூன்றாம் ஆண்டு எமக்குக் கிடைப்பதில்லை. இருக்கும் இரண்டு ஆண்டையும் கொப்பிக்குக் கொடுக்க முடியாது. ஐயமுள்ளோர் ஒரு காலை வகுப்பில் வந்து இருந்து பார்க்கலாம், தேநீர் உண்டு.

ஆசிரியர் கொடுப்பனவு போதாது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. மாதக் கட்டணத்தைச் சிறிது உயர்த்தும் பிரேரணை இன்று வருகிறது. கிணற்றுக்கு வலை போடுவதையும் அடுத்த சபை பிற்போடக் கூடாது.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்