மெலிந்த பிறகுதான் மருத்துவமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உணவகங்களின் உணவுப் பட்டியலில் கலோரி அளவை அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று சென்ற இதழின் தலையங்கத்தில் வலியுறுத்தியிருந்தீர்கள். மக்கள் நலனில் தங்களுக்குள்ள அக்கறை மகிழ்ச்சி தருகிறது. ஆனால், ஓர் எண்ணைப் படிப்பதால் யாருக்கும் கேடு வந்துவிடாது என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்களே, அந்த வரியை என்னால் விழுங்க முடியவில்லை.

என் மகளுக்கு அனோரெக்சியா; எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் உணவை மறுக்க வைக்கும் மனநோய். அவள் படித்த பள்ளியில், ஆரோக்கிய வாரம் என்ற பெயரில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எடை பார்த்து, வகுப்பே கேட்கும்படி உரக்கப் படித்தார்கள். அது ஒன்றே நோய்க்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. மரபணுவுக்கும் மனநிலைக்கும் இதில் பங்குண்டு என்பதை அறிவேன். ஆயினும், அன்றிரவே அவள் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, உண்டதன் கலோரியை ஒருபுறமும் அதை ஈடுகட்ட மாடிப்படி ஏறி இறங்கிய கணக்கை மறுபுறமும் எழுதத் தொடங்கினாள். கூட்டலில் ஒரு பிழைகூட இருக்காது. சுகாதாரத் துறையின் சுவரொட்டியை அவளைப்போல் சிரத்தையாகப் பின்பற்றியவர் வேறு யாரும் இருக்க முடியாது.

மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, பி.எம்.ஐ. (எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் நிறைக் குறியீடு) இன்னும் வரம்புக்குக் கீழே போகவில்லை, போனால் சேர்த்துக்கொள்கிறோம் என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த முறை சென்றபோது என் மகள் அந்தத் தகுதியைப் பெற்றிருந்தாள். எடை வேகமாகக் குறைந்தாலோ அடிக்கடி வாந்தியெடுத்தாலோ, பார்வைக்கு மெலியாதவருக்கும் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறக்கூடும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. பி.எம்.ஐ. சூத்திரமோ, மக்கள் தொகையின் சராசரியை ஆராய 19-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் புள்ளியியலாளர் கெட்லே வகுத்தது. அவர் மருத்துவர்கூட அல்லர்.

கலோரி அச்சிடும் விதி இங்கிலாந்தில் 2022 ஏப்ரலில், 250 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கு நடைமுறைக்கு வந்தது. கேட்பவருக்கு எண் இல்லாத பட்டியலைத் தரலாம் என்ற இடமும் அதிலேயே விடப்பட்டது. பி.எம்.ஐ. போன்ற ஒற்றை அளவை வைத்துச் சிகிச்சை தருவதா வேண்டாமா என்று முடிவு செய்யக் கூடாதென்று அந்நாட்டில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் 'நைஸ்' அமைப்பு 2017-லேயே அறிவுறுத்தியது. தங்கள் தலையங்கம் சட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இவ்விரண்டையும் விட்டுவிட்டது.

தயாரிப்பாளர்கள் சர்க்கரையையும் உப்பையும் குறைக்கும்படி செய்யும் சட்டங்களை நான் எதிர்க்கவில்லை. அவை ஒரு குழந்தையையும் எண்ண வைப்பதில்லை. ஆனால், தங்கள் இதழில் முழுப்பக்கத்துக்கு வரும் உடல்பருமன் ஒழிப்பு விளம்பரங்களில் ஒன்றிலாவது, உண்ண மறுக்கும் பிள்ளையை எங்கே காட்டுவது என்று ஒரு வரி கண்டதில்லை. எதிர்ப்பக்கத்தில் இளைக்க வைக்கும் மாவுக்கு விளம்பரம். அட்டையில், மெலிந்து 'மீண்டு வந்த' நடிகை. இதைப் பற்றி முன்பும் எழுதினேன். கடிதம் வந்து சேர்ந்திருக்காது என்று நினைத்துக்கொள்கிறேன்.

அரசின் கொள்கையைத் தாங்கள் மாற்ற வேண்டாம். சிறுவர் பகுதியில் மாதந்தோறும் வெளியிடும் உயரம்–எடை அட்டவணையை நிறுத்தினால் போதும். இடப் பற்றாக்குறையால் இக்கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால், மற்றவற்றை வெட்டிவிட்டு இந்த வேண்டுகோளை மட்டும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி