சேக்ரமென்டோவுக்குப் போகும் கோப்பு

அன்புள்ள சங்கரா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்யாணம் தையில் என்றதும் ரொம்ப சந்தோஷம். லீவு கிடைத்தால் கட்டாயம் வருகிறேன்.

என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதே புரோபேட் கோர்ட் (சொத்து, பாதுகாவலர் வழக்குகளைப் பார்க்கும் கோர்ட்) கணக்குதான். பேங்க்கில் டேலி ஆகாமல் ராத்திரி உட்கார்ந்தவன் நீ, இது உனக்குப் பிடிக்கும்.

மறதி நோய் முற்றிய ஓர் அம்மா. அவர் உடம்பையும் பணத்தையும் பார்த்துக்கொள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் கோர்ட் மகளைக் கன்சர்வேட்டராக, அதாவது பாதுகாவலராக, நியமித்திருந்தது. பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் 2021இல் விடுபட்டாளே, அதே ஏற்பாடு. மகளுக்கு சேக்ரமென்டோவில் வேலை. அம்மாவையும் கூட்டிப் போய்விட்டாள். இங்கே கலிபோர்னியாவில் 58 கவுண்டிகள் (நம் ஊர் மாவட்டம் மாதிரி), கவுண்டிக்கு ஒரு சுப்பீரியர் கோர்ட். சேக்ரமென்டோ வேறு கவுண்டி. ஆள் போனால் வழக்கு தானாகப் பின்னால் போகாது. பழைய கோர்ட்டில் மனுப் போட வேண்டும். மாற்றுவது அம்மாவுக்கு நல்லதா என்று பார்த்து நீதிபதி உத்தரவிட்டு, கட்டணமும் கட்டிய பிறகுதான் கோப்பு கிளம்பும்.

மகளுக்கு அவசரம், உடனே மாற்றிவிடலாம் என்றாள். நான்தான் பிடித்து நிறுத்தினேன். முதல் வருஷம் முடிந்ததும் ஒரு கணக்கு, அப்புறம் குறைந்தது இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கோர்ட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதுவரையுள்ள கணக்கைப் பழைய நீதிபதியே ஒப்புக்கொண்டுவிட்டால், அந்த இறுதி இருப்பே புது இடத்தில் ஆரம்ப இருப்பு. இல்லாவிட்டால் முன்பின் தெரியாத ஒருவர் பழைய செலவையெல்லாம் முதலிலிருந்து கிளறுவார்.

ஆரம்ப இருப்பும் வரவும் ஒரு பக்கம். செலவும் கைவசம் உள்ளதும் மறுபக்கம். இரண்டும் சென்ட் பிசகாமல் நிற்க வேண்டும். எங்களுக்கு 25 டாலர் இடித்தது. கடைசியில் பார்த்தால், மருந்துக்கடை திருப்பித் தந்த பணம். மகள் தன் சொந்தக் கணக்கில் போட்டிருந்தாள். திருட்டில்லை, அசதி. ஆனாலும் அம்மா பணமும் தன் பணமும் கலக்கவே கூடாது. உடனே மாற்றிப் போடச் சொல்லி, விளக்கம் எழுதிச் சேர்த்தோம். பேங்க் ஸ்டேட்மென்ட், பராமரிப்பு இல்லத்தின் பில் எல்லாம் அசலாகவே கொடுத்தாயிற்று.

விசாரணை அடுத்த மாதம். கல்யாணத் தேதி முடிவானதும் எழுது, டிக்கெட் விலை ஏறுவதற்குள் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
மூர்த்தி