குஞ்சுகளின் பசி

அன்புள்ள மாறனுக்கு,

உன் கடிதம் வந்தது. மகள் உயிரியல் எடுத்திருக்கிறாள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. கூடவே, "மனுசனுக்கே சோறில்லாத நாட்டில் பறவையை எண்ணிக்கொண்டிருக்கலாமா?" என்றும் கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. மூன்று நாளாக அதே நினைப்பு.

மடகாஸ்கர் போச்சார்டு என்று ஒரு வாத்து உண்டு, அந்தத் தீவில் மட்டும் வாழ்வது. 1991-இல் அலாவோத்ரா ஏரியில் ஒன்று பிடிபட்டது. அப்புறம் யார் கண்ணிலும் படவில்லை. அழிந்தேவிட்டது என்று நினைத்தார்கள். 2006-இல் பூனைப்பருந்து தேடிப் போன ஆய்வாளர்கள், தீவின் வடக்கே ஒரு சின்ன ஏரியில் அதைக் கண்டார்கள். மொத்தமே இருபத்தைந்து இருக்கும்.

காவல் போட்டால் பெருகிவிடும் என்றுதான் நானும் நினைத்திருப்பேன். ஆனால் முட்டை பொரிந்த பிறகும் பெரும்பாலான குஞ்சுகள் இரண்டு மூன்று வாரத்தில் செத்துக்கொண்டிருந்தன. பொறுமையாகக் கவனித்தபோதுதான் காரணம் தெரிந்தது: பட்டினி. இது முங்கி, அடிச்சேற்றில் இரை தேடும் வாத்து. அந்த ஏரியோ ஆழமானது, கரையும் செங்குத்து. குஞ்சுக்கு ஏரியின் அடித்தரை எட்டவில்லை. மற்ற சதுப்புகளெல்லாம் கெட்டுப்போனதால் அங்கே ஒதுங்கியிருக்கிறது, பாவம்.

2009-இல் முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்தார்கள். முதல் குஞ்சுகள் வளர்ந்தது ஒரு ஹோட்டல் குளியலறையில்! 2018-இல் 21 வாத்துகளை, மிதக்கும் கூண்டுகளில் பழக்கி, சோஃபியா ஏரியில் விட்டார்கள்.

உன் கேள்விக்கு நான் பதில் தேடுவது அந்த ஏரிக்கரையில்தான். சுற்றியுள்ள கிராமங்களுக்கு மீனும் நெல்லும் அதே தண்ணீரில்தான். மேட்டில் மரம் போனால் மண் அடித்து வந்து ஏரியையும் மேடாக்கும், வயலையும் மூடும். வலையில் சிக்கினால் வாத்து மூச்சுமுட்டிச் சாகும். அதற்காக வலையே போடாதே என்று ஒரு குடும்பத்திடம் சொல்ல நமக்கு என்ன உரிமை? அங்கே வேலை செய்பவர்கள் நெல் விளைச்சலைக் கூட்டவும் ஊரோடு சேர்ந்து உழைக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படுகிறது. எண்ணிவிட்டுக் கட்டுரையோடு கிளம்பிப் போவதுதான் எனக்குப் பொறுக்காது.

சரி, மகளிடம் ஒன்று கேள். ஒரே கூட்டை வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்குப் பிடிக்குமா? பதிலை அவளையே எழுதச் சொல்.

அன்புடன்,
கயல்