பன்னீர் திராட்சைக்கு ஒரு தாய்க்கொடிப் பந்தல்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் என்று பள்ளத்தாக்கு முழுவதும் மகிழ்ந்தோம். ஆனால் சான்றிதழை மண்ணில் நட்டால் வேர் பிடிக்காது. வயதான கொடிகளைப் பிடுங்கிவிட்டு வாழைக்கும் தென்னைக்கும் மாறுகிறவர்கள் எங்கள் ஊர்களிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். பழம் பழுக்கிற நேரத்தில் ஒரு மழை பெய்தால் இந்த மெல்லிய தோல் வெடித்துவிடும். அந்தப் போகம் அதோடு முடிந்தது. மாறுகிறவர் மாறட்டும். போவதற்கு முன் அவருடைய தோட்டத்திலிருந்து ஐந்து குச்சிகளையாவது எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் எங்கள் கவலை.

குச்சிதான் வேண்டும், விதை உதவாது. பன்னீர் திராட்சையின் விதையை முளைக்க வைத்தால் தாயைப் போன்ற கொடி வராது, வேறொன்று வரும். நெல்லைப் போல் உலர்த்தி டப்பாவில் பாதுகாக்கிற வழி இதற்கு இல்லை. உயிருள்ள கொடியாக, பந்தலில், ஆள் பார்க்க வளர்த்தால்தான் வகை நிற்கும். பழைய தோட்டங்களின் குச்சிகளைச் சேர்த்து அப்படி ஒரு பந்தல் போடத்தான் இந்த வேண்டுகோள்.

வகையின் கதையும் சுவையானது. வேளாண் துறையினர் இதை மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கிறார்கள். இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில் ரெஸ்ட் பார்க் மாளிகைத் தோட்டத்தைக் கவனித்துவந்த சீவர்ட் ஸ்னோ என்பவர் 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய கலப்பினம் அது. தாய்வழியில் பிளாக் ஹாம்பர்க், தந்தைவழியில் மணத்துக்குப் பேர்போன அலெக்சாண்டிரியா மஸ்கட். 2003-இல் வெளியான மரபணு ஆய்வு இந்தப் பெற்றோரை உறுதிசெய்தது. குளிர்நாட்டுப் பிரபுவின் விருந்து மேசைக்காகக் கண்ணாடி வீட்டுக்குள் வளர்த்த சாதி, முல்லைப் பெரியாற்றங்கரை வெயிலில் உறக்கமே இல்லாமல் காய்க்கிறது. கிளைகளை வெட்டிக் கவாத்து செய்த நான்கு மாதத்தில் அறுவடை. இரண்டு ஆண்டுகளில் ஐந்து போகம் எடுப்பவர்களும் உண்டு.

1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் திராட்சையை இங்கே கொண்டுவந்தார் என்பது எங்கள் பகுதியில் வழங்கிவரும் வரலாறு. மஸ்கட் ஹாம்பர்க் பிறந்ததோ அந்த நூற்றாண்டின் நடுவில் என்று தோட்டக்கலை நூல்கள் சொல்கின்றன. இரண்டும் ஒட்டவில்லை. பாதிரியார் கொண்டுவந்தது வேறு வகையாக இருந்து, பன்னீர் பிறகு வந்திருக்கலாம். எங்கள் குழுவுக்குள் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதமே நடந்தது. வாய்ச்சண்டையில் தீராது, பழைய தோட்டங்களின் இலையை மரபணுச் சோதனை செய்தால்தான் தெரியும் என்று ஒருவழியாக ஒத்துக்கொண்டோம். அந்தச் சோதனைச் செலவும் இந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறது.

பிளாக் ஹாம்பர்க் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். லண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-இல் நட்ட அந்த வகைக் கொடி ஒன்று இன்றும் காய்க்கிறது. எசெக்ஸ் பகுதியில் வேலன்டைன்ஸ் மாளிகையில் இருந்த கொடியிலிருந்து வெட்டிவந்த குச்சி அது. வெட்டிக் கொடுத்த தாய்க்கொடி இன்று இல்லை; வெட்டிய குச்சி 250 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது.

‘எல்லாம் ஒரே பன்னீர்தானே, ஒரு தோட்டத்துக் கொடி போதாதா?’ என்று கேட்கிறார்கள். போதாது. குச்சியிலிருந்து குச்சியாகப் பல தலைமுறை வளர்க்கும்போது எங்கோ ஒரு மொட்டில் சிறு திரிபு நேரும். கொத்து நெருக்கம் குறையும், தோல் தடிக்கும், நிறம் சீக்கிரம் ஏறும். மகாராஷ்டிர விவசாயிகள் தாம்சன் சீட்லெஸ் என்ற விதையில்லாத் திராட்சைத் தோட்டங்களில் இப்படிப்பட்ட கொடிகளைக் கண்டுபிடித்துத்தான் தாஸ் கணேஷ், சோனாகா போன்ற வகைகளைப் பிரித்தெடுத்தார்கள். மழைக்கு வெடிக்காத பன்னீர் ஏதோ ஒரு தாத்தாவின் தோட்ட மூலையில் இப்போதே நிற்கலாம். தேடிப் பார்க்காமல் அதைப் பிடுங்கிவிடக் கூடாது.

சுருளிப்பட்டி அருகே உறுப்பினர் ஒருவர் 30 சென்ட் நிலத்தை 15 ஆண்டுக் குத்தகைக்குத் தந்திருக்கிறார். மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடைவெளியில் 200 கொடிகள் நிற்கும். 35 பழைய தோட்டங்களிலிருந்து ஐந்தைந்து கொடிகள். மீதியிடத்தில் இங்கே பயிராகிவந்த பச்சைத் திராட்சை, பெங்களூர் புளூ, டெக்சாஸ் காட்டுத் திராட்சையிலிருந்து வந்த டாக்ரிட்ஜ் வேர்க்கொடி (வேறு வகைக் கொடிகளை இதன்மேல் ஒட்டுக் கட்டுவார்கள்). நோயுள்ள கொடியின் குச்சி நோயையும் சேர்த்தே கொண்டுவரும் என்பதால் எல்லாக் குச்சிகளும் முதலில் தனிப் பாத்தியில் இருக்கும். தேறியவை மட்டும் பந்தலுக்குப் போகும்.

மொத்தச் செலவு ஆறு லட்சம் ரூபாய். உறுப்பினர்களிடம் ஒன்றரை லட்சம் சேர்ந்துவிட்டது. நான்கரை லட்சம் வேண்டும். பாதிக்கு மேல் பந்தலுக்கே போய்விடும், கல்தூணும் கம்பியும் அந்த விலை விற்கின்றன. சவுக்குக் கம்பு நட்டால் பாதிச் செலவில் முடியும் என்பது எங்களுக்கும் தெரியும். கரையான் அரித்துப் பந்தல் சாய்ந்தால் 35 தோட்டங்களின் கொடிகளும் ஒரே இரவில் போகும் என்பதால் கல்தூணில் கஞ்சத்தனம் வேண்டாம் என்று முடிவுசெய்தோம். சொட்டுநீர், வேலி, இரண்டு ஆண்டு ஆள்கூலி, இலைச் சோதனை ஆகியவை மீதிச் செலவு. கொடி காய்க்கத் தொடங்கிய பிறகு பழம் விற்ற பணத்தில் பராமரிப்பு நடக்கும். ஆண்டுதோறும் வந்து கை நீட்ட மாட்டோம்.

ஒரு கொடிக்கு 3,000 ரூபாய் ஆகிறது. முழுக் கொடிக்குத் தந்தாலும் சரி, நூறு ரூபாய் தந்தாலும் சரி, ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நன்கொடையாளர் அனைவருக்கும் வரும். கொடியில் யார் பெயரையும் எழுதித் தொங்கவிட மாட்டோம். கொடியில் தொங்கும் பலகையில் அது வந்த தோட்டத்தின் ஊரும் ஆண்டும்தான் இருக்கும். ஜூன், ஜூலையில் நட வேண்டுமென்றால் அதற்கு முன் தூண்கள் நின்றாக வேண்டும். ஆகவே ஏப்ரல் முடிவதற்குள் பணம் வந்தால் நல்லது.

பணம் தர இயலாதவர்கள் பழைய தோட்டம் இருக்கும் இடத்தைச் சொன்னால் நாங்களே வந்து பார்ப்போம். அடுத்த கவாத்தின்போது குச்சி தருகிறவர்கள் நன்றாக முற்றிய, நான்கு கணு உள்ள குச்சிகளாகப் பார்த்து, ஈரச் சாக்கில் சுற்றி, அடி எது நுனி எது என்று தெரியும்படி கட்டித் தர வேண்டுகிறோம். தோட்டம் வைத்தவர் யார், எந்த ஊரிலிருந்து முதல் குச்சி வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிச் சாக்குக்குள் வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பந்தல் குழுவினர்,
கம்பம் பள்ளத்தாக்கு